பறக்கிறவர்கள் டீ குடிக்கும்போது

படத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிட்டார்கள். கலியபெருமாளுக்கு அதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது, அல்லது அதில் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று அவர் முடிவு செய்திருந்தார். போன வியாழக்கிழமை பாதியில் நிறுத்திய படம். மலை உச்சியில் வெள்ளை அங்கிக்காரன் தன் வாளை மேகத்துக்குள் வீசிவிட்டு, அது திரும்பி வரும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து மிஷின் கூவியது, ஊசியைப் பிடுங்கினார்கள், பஞ்சை வைத்து அழுத்தினார்கள், அடுத்த ஷிஃப்டுக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், எழுந்து வந்தாயிற்று. வாள் திரும்பி வந்ததா இல்லையா என்பது இத்தனை நாளாக மனதின் ஏதோ ஒரு மூலையில் கிடந்து அரித்தது. இன்றைக்கு மாலினி சிஸ்டர் வந்து ரிமோட்டை அமுக்கினாள், அதை டிவிக்குக் கீழே இருந்த பலகையிலேயே வைத்துவிட்டுப் போனாள், திரையில் பழைய ஏரி, பழைய பனி, பனிக்குள்ளிருந்து தண்ணீரில் கால் நனையாமல் நடந்துவரும் பழைய ஆள். எங்கே நிறுத்தினோம் என்பது ராயப்பனுக்குத்தான் தெரியும். பெயர் வந்ததும் கலியபெருமாள் நினைப்பை அங்கேயே மடக்கினார், கழுத்தையும் டிவிப் பக்கமே வைத்துக்கொண்டார். வலது பக்கம் திரும்பினால் ஜன்னலோரக் கட்டில். அதில் புது விரிப்பு போட்டிருக்கிறார்கள், மடிப்பு கலையவில்லை, அவ்வளவுதான் அவர் பார்த்தது, அதுவும் உள்ளே வரும்போது கண் தவறிப் பட்டது. டயாலிசிஸ் ஹாலில் காலிக் கட்டிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டால், ஷிஃப்ட் மாத்திட்டாங்க என்பார்கள். காலையிலிருந்து மதியத்துக்கு, மதியத்திலிருந்து சாயங்காலத்துக்கு. அப்படி மாறிப்போனவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் இந்த அரியலூரில் ஒரு தெருவுக்கே ஆள் தேறும். அவர்களில் ஒருத்தர்கூட மறுபடி காலை ஷிஃப்டுக்கு மாறி வந்ததில்லை.

பஸ் கிடைக்காமல் நின்றிருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்துப் பார்த்தார். ஆனால் பஸ் கிடைக்காத மனுஷனின் சம்சாரம் மட்டும் எந்த பஸ்ஸில் ஏறி வந்தாள்? காலையில் ஆஸ்பத்திரி ஆபீஸ் ஜன்னல் பக்கம் பிலோமினா நின்றிருந்தாள். கூடவே மருமகன், கையில் பிளாஸ்டிக் கவரில் ஏதோ காகிதங்கள். கலியபெருமாளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துணிப்பையைக் கழற்றி நீட்டினாள். "இது உங்களுக்குண்ணே." முகம் உப்பியிருந்தது. ராயப்பனுக்குத்தான் முகம் உப்பும், தண்ணீர் கோத்துக்கொண்டால். அவளுக்கு எதற்கு உப்ப வேண்டும்? கேட்டிருக்க வேண்டியதுதானே. இரண்டு வருஷம் கட்டிலுக்குக் கட்டில் பக்கத்தில் படுத்தவனின் சம்சாரத்திடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தது? "சரிம்மா" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தார், எடை பார்க்கும் மிஷின்மேல் ஏறி நின்றார். மாலினி சிஸ்டர் நம்பரைத்தான் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாக, "ஐயா, செருப்பக் கழட்டுங்க, சட்டைப் பையில என்ன, சாவிக்கொத்தா" என்று குடைந்தெடுக்கிறவள், இன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல், "என்னய்யா இவ்ளோ ஏறியிருக்கீங்க? என்னத்தக் குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். நேற்று மச்சினன் வீட்டில் மோர் கொஞ்சம் கூடப் போனது உண்மை. திட்டட்டும் என்று நின்றார். எல்லாத்தையும் இன்னைக்கே இழுத்துடுவோம் என்று அவள் டயாலிசிஸ் மிஷினில் எண்ணை அழுத்தினாள், குரல் ஒரு மாதிரி இருந்தது, அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எடை மிஷின் என்பது அவருக்குப் புதிதா என்ன. ஆயுசில் பாதி எடைமேடையில் போயிற்று. சுண்ணாம்புக்கல் லாரி ஒவ்வொன்றையும் காலியாக ஏற்றி ஒரு எடை, லோடோடு ஏற்றி ஒரு எடை, கண்ணாடி ஜன்னல் வழியாகச் சீட்டைக் கிழித்து நீட்ட வேண்டும். டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. காலி எடை போடும்போது உள்ளே இரண்டு பேர் குந்தியிருப்பார்கள், லோடு எடை போடும்போது இறங்கி ஓடிவிடுவார்கள், ஒரு சக்கரத்தை மேடை விளிம்புக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி பீடி பற்றவைப்பார்கள். எவனும் கலியபெருமாளை ஏமாற்றியது கிடையாது. இப்போது அவரே லாரி. உள்ளே வரும்போது லோடு எடை, வெளியே போகும்போது காலி எடை. இதைச் சொல்லி முதல் நாளே சிரிக்க வைத்தவர் ராயப்பன்தான். மறுபடி அந்தப் பெயர். திரையில் வெள்ளை அங்கிக்காரன் மூங்கில் நுனியில் ஒற்றைக்காலில் நின்றான், மூங்கில் வளையக்கூட இல்லை.

மூங்கில் வளையாததுதான் ஆரம்பத்தில் அவருக்குச் சகிக்கவில்லை. வந்த புதிதில் இந்த டிவியில் சீரியல் ஓடியது. சீரியலில் வாரத்துக்கு ஒருத்தியாவது ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவாள், மூக்கில் குழாய், பக்கத்தில் மாமியார் அழுகை; இங்கே நிஜமாகப் படுத்திருக்கிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும். நியூஸ் போட்டால் வெள்ளம், இல்லாவிட்டால் வறட்சி. தமிழ்ப் படம் போட்டால் மழைப் பாட்டு. நாளுக்கு அளந்த தண்ணீர்தான் என்று தாகத்தில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கிறவனுக்கு முன்னால் ஒருத்தி மழையில் வாயைத் திறந்துகொண்டு ஆடுவாள். எதிர்க் கட்டில் வேதவல்லி டீச்சர்தான் முதலில் கத்தினார், அதை நிறுத்துங்க என்று. அப்புறம்தான் ராயப்பன் தன் பென்டிரைவைக் கொண்டுவந்து சொருகினார். ராயப்பன் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிடி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். கடை போயும் சீனப் படங்களை விடவில்லை, தமிழில் பேசவைத்த சீனப் படம் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவார். ஆயிரம் வருஷம் தவம் செய்த நரி பெண்ணாகும், பெண் புகையாவாள், விரலை நீட்டினால் மலை பிளக்கும், ஒருத்தன் மேகத்தில் நின்று அடித்தால் இன்னொருத்தன் கடலுக்கடியில் போய் விழுவான், விழுந்தவன் சட்டையில் ஈரம் இருக்காது. "காதுல பூ சுத்துறான்" என்று கலியபெருமாள் சொன்னார். "கயிறு கட்டித் தூக்குறான். கயித்தக் கம்ப்யூட்டர்ல அழிச்சுடறான். இது தெரியாதா?" ராயப்பன் திரும்பிப் பார்த்தார், தன் கையிலிருந்து மிஷினுக்குப் போகிற சிவப்புக் குழாய்கள் இரண்டையும் கண்ணாலேயே காட்டினார். "நம்மளயுந்தான்யா கட்டி வச்சிருக்கான். அவன் கயிறு கட்டிப் பறக்குறான், நீ குழா கட்டிப் படுத்திருக்க. அழிக்க முடிஞ்சா நீயும் அழிச்சுப் பாரேன்." படத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது, அது பிடித்தும் போயிற்று: அந்தப் படங்களில் எதற்கும் எடை இல்லை. ஆளுக்கு எடை இல்லை, பாறைக்கு எடை இல்லை, கோட்டைக் கதவு காகிதம் மாதிரிப் பறந்தது. சாவுக்கும் எடை இல்லை. அடிபட்டவன் நிதானமாக நாலு வார்த்தை பேசுவான், அப்புறம் உடம்பு பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடும். தூக்க ஆள் வேண்டாம், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், ஆபீஸ் ஜன்னலில் கவரோடு நிற்க வேண்டாம். அடுத்த பாகத்தில் அவனே வேறு பெயரில் வந்து நிற்பான். பொய் என்று தெரியும். பொய் என்று தெரிந்ததால்தான் நிம்மதியாக இருந்தது. உண்மை என்று சொல்லிக்கொண்டு வருகிற பொய்கள், சரியாயிடும், பழகிடும், கடவுள் இருக்கான் என்கிறவைதான் அவருக்கு ஆகவில்லை.

இப்போது திரையில் ஒரு குடிசை. வெளியே பனி கொட்டுகிறது. வெள்ளைத் தாடிக் குரு உட்கார்ந்திருக்கிறார், எதிரே வெள்ளை அங்கிக்காரன் மண்டியிட்டிருக்கிறான், குரு கரியடுப்பிலிருந்து கெண்டியை எடுக்கிறார், சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறார், ஆவி எழும்புகிறது. ஹால் முழுக்க ஒரு அசைவு ஓடியது. கலியபெருமாளுக்கு முதலில் புரியவில்லை, பிறகுதான் விளங்கியது: இந்தக் காட்சியை அவர்கள் யாரும் பார்த்ததே இல்லை. டீ குடிக்கிற காட்சி வந்தால் ராயப்பன் ஓட்டிவிடுவார். ரிமோட் எப்போதும் அவர் போர்வைமேல்தான் கிடக்கும், கெண்டியின் மூக்கு தெரிந்த உடனே கட்டைவிரல் பாயும், படம் விர்ரென்று ஓடும், மறுபடி சண்டையில் நிற்கும். அது இங்கே சட்டம் மாதிரி. யாரும் போட்ட சட்டம் இல்லை, யாரும் மீறியதும் இல்லை. இன்றைக்கு ரிமோட் பலகையில் கிடந்தது. கட்டிலில் கட்டுண்டு கிடக்கிற யாருக்கும் கை எட்டாது. சிஸ்டர் உள்ளறையில் இருந்தாள். "யாராவது ஓட்டுங்களேன்" என்றார் வேதவல்லி டீச்சர், யாரையும் பார்க்காமல். குரு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார், ஊதினார், உறிஞ்சினார். அந்த ஓசைகூடக் கேட்டது. கலியபெருமாளுக்கு விழுங்குவதற்கு எச்சில்கூட இல்லை. கண்ணை மூடினார், காதை மூட முடியவில்லை. குருவின் குரல், கரகரவென்று தமிழில்: உன் தலைக்கு வந்த சாபத்தை நான் வாங்கிக்கொண்டேன், இந்தப் பனி விடும்போது நான் இருக்க மாட்டேன், அதனால்தான் உன்னை விரட்டினேன், என்னை வெறுத்தால்தான் நீ அழாமல் போவாய். கலியபெருமாள் கண்ணைத் திறந்துவிட்டார். அப்படியா? குரு நல்லவரா? அந்தக் கிழவன்தான்யா வில்லன், பையனோட அப்பன் ஆத்தாளக் கொன்னதே அவந்தான் என்று ராயப்பன் அடித்துச் சொல்லியிருந்தாரே. எல்லாப் படத்துக்கும் இப்படித்தான், இவன் ஏன் அவனை அடிக்கிறான், அவள் ஏன் நரியானாள் என்று யார் கேட்டாலும் ராயப்பனிடம் பதில் இருக்கும். இப்போதுதான் தெரிகிறது, சீனாக்காரன் விஷயத்தை எல்லாம் டீ குடித்துக்கொண்டேதான் சொல்கிறான். அதை எல்லாம் ஓட்டிவிட்டு, இல்லாத கதைக்கு ஒரு கதையைத் தன் வாயாலேயே கட்டிக் கட்டி, இரண்டு வருஷமாக இந்த ஹால் முழுக்கவே பூ சுற்றியிருக்கிறார் மனுஷன். சிரிப்பு வந்தது. திரும்பி, "ஏண்ணே, கிழவன் நல்லவனாமே" என்று சொல்லத் தலை தன்னால் வலது பக்கம் போய்விட்டது. மடிப்புக் கலையாத விரிப்பு.

அப்போது அந்த நினைப்பு வந்துவிட்டது, காலையிலிருந்து எதை வரவிடாமல் கழுத்தைத் திருப்பி வைத்திருந்தாரோ அது. கைப்பம்பு. வியாழக்கிழமை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராயப்பன் மெதுவாகச் சொன்னார்: "பெருமாளு, ஒரு நா பாரு. எங்க வீட்டுக் கொல்லையில கைப்பம்பு இருக்கு. நல்ல தண்ணி, சில்லுன்னு வரும். ஒரு சொம்பு எடுத்து, மூச்சு விடாம, வயிறு குளுந்து போற வரைக்கும் குடிக்கப் போறேன். ஒண்ணு பத்தலன்னா இன்னொண்ணு. அப்புறம் என்னா வேணா ஆவட்டும்." இவர் என்ன சொன்னார்? "எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைங்கண்ணே" என்றார். சிரித்தார்கள் இரண்டு பேரும். சிஸ்டர்கூட, என்ன சிரிப்பு, பிரஷர் ஏறும் என்று அதட்டினாள். விளையாட்டுப் பேச்சுதான். எல்லாரும் பேசுவதுதான், டீச்சர்கூட ஒரு முறை முழு இளநீர் என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். ஆனால் ராயப்பன் சிரித்து முடித்த பிறகும் பேசாமல் திரையையே பார்த்தார், வாள் மேகத்துக்குள் போவதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் மனதில் அது விளையாட்டாக இல்லாமல் போயிருந்தால்? வீட்டுக்குப் போய், கொல்லைப்பக்கம் போய், கைப்பம்பை நாலு அடி அடித்து. கலியபெருமாளுக்கு அந்தத் தண்ணீர் தெரிந்தது. பயம் ராயப்பனைப் பற்றியது மட்டும் அல்ல, அது அவருக்கே தெரியும். ராயப்பன் குடித்திருந்தால் தானும் குடித்துவிடுவோம், அதுதான் பயம். ஒருத்தன் வழியைக் காட்டிவிட்டால் போதும். இந்த ஊசி, இந்தக் குளிர், வெளியே பெஞ்சில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் சம்சாரம் செந்தாமரை, அவளுடைய அளந்த சொம்பு, கஞ்சியில் தண்ணீரை வடித்துவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்து வைக்கும் அவள் கை, எல்லாவற்றையும் ஒரு சொம்பு தண்ணீரில் முடித்துக்கொள்ளலாம். இதில் பொறாமைகூட இருந்தது. கடைசியில் ஒரு தடவையாவது மனுஷன் வயிறாரக் குடித்தானே என்று. சண்டாளா, ஒருத்தன் செத்துப்போனதில் பொறாமைப்படுகிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார். செத்துப்போனதில் என்று முதன்முறையாக மனதுக்குள் சொல்லிவிட்டதை அப்புறம்தான் கவனித்தார்.

கொட்டாவி வந்தது. ஒன்று, அதன்மேல் இன்னொன்று. குளிர்ந்தது. எப்போதும் குளிரும், ரத்தம் வெளியே சுற்றி வருகிறதே. எல்லாரும் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவருவது அதற்குத்தான். ஆனால் இது வேறு குளிர், உள்ளே இருந்து கிளம்பி உதட்டில் வந்து நின்றது. கெண்டைக்கால் தசை ஒன்று முறுக்கிக்கொண்டது. காலடியில் கட்டில் விளிம்பில் அந்தத் துணிப்பை இருந்தது, வந்ததிலிருந்து அதைத் தொடவில்லை. போர்வை ஏதாவது இருக்குமோ என்று கால் கட்டைவிரலால் அதன் காதைப் பிடித்து இழுத்தார். பை வாயைத் திறந்தது. கறுப்பும் சிவப்பும் கட்டம் போட்ட கம்பளி. ராயப்பனுடையது. கட்டிலுக்குக் கட்டில் பொறாமைப்பட்ட கம்பளி, மகள் ஊட்டியிலிருந்து வாங்கி வந்தது. நான் போனா இது ஒனக்குத்தான்யா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு பிஸ்கட் டின், உள்ளே சிடிக்கள் சரசரத்தன. இன்னும் கொஞ்சம் இழுத்தார், வர மறுத்தது. நல்ல கனம். எத்தனை வருஷப் பழக்கம், கால் விரல் இழுக்கும்போதே மனசு எடை போட்டுவிட்டது: கம்பளி ஒன்றேகால், டின் முக்கால், ஆக ரெண்டு கிலோவுக்குக் குறையாது. ரெண்டு கிலோ. இந்தப் பை காலையில் எங்கே இருந்தது? தோளில். தோளில் மாட்டிக்கொண்டுதானே எடை மிஷினில் ஏறினார். கம்பளியையும் சிடிக்களையும் சேர்த்து நிறுத்து, அவ்வளவும் உடம்பில் ஏறிய தண்ணீர் என்று சிஸ்டர் எண்ணை அழுத்தியிருக்கிறாள். இல்லாத தண்ணீரை மிஷின் அவரிடமிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கொட்டாவி அதனால்தான். குளிர் அதனால்தான். கூப்பிட வேண்டும், சிஸ்டர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் இடுப்புக்குக் கீழே கட்டில் இல்லாத மாதிரி ஆனது. கால் வலி தூரமாகப் போயிற்று. காதுக்குள் ஒரு இரைச்சல், அதில் மிஷின் சத்தமும் சீனப் புல்லாங்குழலும் ஒன்றாகிவிட்டன. திரையில் ஏரி பெரிதாக, வெளிச்சமாக, சட்டத்தைவிட்டு வெளியே பரவியது. இதுதானா அது என்று நினைத்தார். எடை இல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபமா? எவ்வளவு சுகமாக இருக்கிறது. தண்ணீர்மேல் கால் வைக்கலாம் போலிருந்தது. அந்தப் பக்கம் யாரோ கட்டம் போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூங்கில் நுனியில் குந்தியிருந்தார்கள். சத்தம் போடாதே, இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இரு, தானாகவே ஆகிவிடும், நீ ஒன்றும் செய்ததாகவும் ஆகாது. செந்தாமரை அழுவாள். அழட்டும், அழுதுவிட்டு அவளும் கொஞ்சம் தூங்குவாள். வாயைத் திறந்து சொன்னால் என்ன சொல்ல வேண்டியிருக்கும்? பையோட நின்னுட்டேன். எந்தப் பை? யாரோட பை? அதைச் சொல்வதைவிட இது சுலபம். வெளிச்சம் இன்னும் அருகில் வந்தது. ஆனால் எங்கோ அடியில் ஒரு சின்ன எரிச்சல் அணையாமல் கிடந்தது, செருப்புக்குள் மாட்டிய கல் போல. தப்பான எடை. அவர் பெயரில் ஒரு தப்பான எடை. காலி லாரியில் ஆளை உட்காரவைத்து எடை போட்ட மாதிரி, இன்னொருத்தன் லோடை இவர் சீட்டில் ஏற்றியிருக்கிறது. ஒரு டிரைவரை, ஒரு முதலாளியை, ஒரு கட்சிக்காரனை ஏமாற்றவிடாத கலியபெருமாளை, கடைசியில் ஒரு கம்பளி ஏமாற்றிவிட்டுப் போவதா? சாவதானாலும் சரியான எடையில் சாக வேண்டும். கோபம் வந்தது. நல்ல கோபம், பழைய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திய கோபம். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாக்கை அண்ணத்திலிருந்து பிய்த்தெடுத்தார்.

"சிஸ்டர்... எடை தப்பு."

அவருக்கே கேட்கவில்லை. வேதவல்லி டீச்சருக்குக் கேட்டுவிட்டது, பள்ளிக்கூடக் குரலில் "மாலினி!" என்று ஒரு சத்தம் போட்டார். சிஸ்டர் ஓடி வந்தாள், கையில் கட்டிய பிரஷர் பட்டை இறுகித் தளர்ந்தது, ஐயையோ என்றாள், மிஷினை எதையோ அமுக்கி நிறுத்தினாள், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கால்பக்கத்தைத் தூக்கினாள், உப்புத்தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டாள். "ஐயா, என்னப் பாருங்க. பேசுங்க. என்ன எடை தப்பு?"

"பையோட நின்னுட்டேன்மா."

"எந்தப் பை?"

"ராயப்பண்ணன் பை." சொல்லியாயிற்று. சொன்ன உடனே உடம்பு பொத்தென்று கட்டிலில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. முதலில் இடுப்பு வந்தது, பிறகு முறுக்கிய கால், பிறகு கையில் ஊசி. எல்லாம் வலித்தது. "ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லாதம்மா" என்றார்.

அவள் பட்டையை மறுபடி இறுக்கினாள், எண்ணைப் பார்த்தாள், கொஞ்சம் மூச்சு விட்டாள். "சனிக்கிழமைய்யா. விடியக்காலம். ஆட்டோ வர்றதுக்குள்ள."

"குடிச்சாரா?"

"என்னது?"

"தண்ணி. கைப்பம்புல. நெறயக் குடிச்சாரா?" இதற்கு ஆமாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படி விரும்புவது பயங்கரமாக இருந்தது, ஆனாலும் விரும்பினார்.

மாலினி சிஸ்டர் தலையை ஆட்டினாள். "ஒரு வாய்கூட இல்லய்யா. நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சாராம். நாக்கு வறளுது, ஒரு வாய் தண்ணி குடுன்னு கேட்டாராம். வீட்டம்மா அளவு தாண்டிடுமோன்னு பயந்துட்டு, ஆஸ்பத்திரில கேட்டுட்டுக் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்களாம். அதையேதான் காலைல சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஒரு வாய் குடுத்திருக்கலாமே சிஸ்டர்னு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பளியை உருவினாள், உதறினாள், அவர்மேல் கழுத்துவரை போர்த்தினாள். கம்பளியில் தைலவாசனை அடித்தது. போகும்போது பலகையிலிருந்த ரிமோட்டை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தாள். "இனிமே நீங்க வச்சுக்கங்க."

கலியபெருமாள் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அழுகை வந்தது, கண்ணில் தண்ணீர் வரவில்லை. இருக்கிற தண்ணீரைத்தான் மிஷின் எடுத்துவிட்டதே. குடிக்கவில்லை. இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு சொம்பில்லை, ஒரு வாய்கூட இல்லாமல் மனுஷன் போய்விட்டார். வழியைக் காட்டிவிட்டுப் போனார் என்று நினைத்துப் பயந்தேனே, வழி எதுவும் இல்லை என்றல்லவா காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இங்கிருந்து போகும்போது செந்தாமரை அளந்த சொம்பை நீட்டுவாள், அதை வாங்கி உதட்டை நனைத்துக்கொள்ள வேண்டும், வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும், மிஷினில் ஏறி நிற்க வேண்டும். ஒருநாள் செந்தாமரையும் ஒரு வாய் தண்ணீரைக் கொடுக்கலாமா கூடாதா என்று முழித்துக்கொண்டு நிற்பாள். இந்தக் கம்பளியை அவள் யாரிடம் கொடுப்பாள் என்று தெரியவில்லை. டிவியில் மலை உச்சி வந்துவிட்டது. போன வியாழக்கிழமை விட்ட இடம். வெள்ளை அங்கிக்காரன் வாளை வீசினான், வாள் மேகத்துக்குள் போயிற்று, அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். படம் அவனை அப்படியே நிறுத்திவிட்டுக் குடிசைக்குப் போனது. பனி விடத் தொடங்கியிருந்தது. குரு தனியாக உட்கார்ந்திருந்தார். கரியடுப்பிலிருந்து கெண்டியை எடுத்தார்.

ஹாலில் மறுபடி அந்த அசைவு. எல்லாத் தலையும், முதலில் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்விட்டு, பிறகு இவர் பக்கம் திரும்பியது. கட்டைவிரல் பித்தான்மேல்தான் இருந்தது.

"ஓட்டுங்கண்ணே" என்றார் வேதவல்லி டீச்சர், கெஞ்சுகிற மாதிரி.

குரு ஊற்றினார். கிண்ணம் நிறைந்தது, விளிம்பில் ததும்பியது, அவர் அவசரப்படவில்லை. கலியபெருமாள் ரிமோட்டைக் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இருங்க டீச்சர்" என்றார். "குடிச்சு முடிக்கட்டும்."